டெங்கிலும் கோவிட்டிலும் வெள்ளை அணுக்கள்: எண்ணிக்கையை நாளோடு சேர்த்துப் படிப்பது எப்படி?

காய்ச்சல் வந்த வீட்டில் ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் எல்லார் கண்ணும் பிளேட்லெட் வரிக்குத்தான் போகும். ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி, கீழே இருந்தால் பதற்றம். அதே தாளில் இருக்கும் 'டோட்டல் கவுன்ட்' (வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை), 'டிஃபரன்ஷியல் கவுன்ட்' (அவற்றில் ஒவ்வொரு வகையின் சதவீதம்) இரண்டையும் யாரும் நின்று பார்ப்பதில்லை. பார்த்தாலும், வெள்ளை அணு குறைந்தால் எதிர்ப்புச் சக்தி போய்விட்டது என்றும் கூடினால் உடம்பு நன்றாகப் போராடுகிறது என்றும் முடிவுகட்டிவிடுகிறோம். கடுமையான வைரஸ் தொற்றில் இந்த இரண்டு முடிவுகளுமே பெரும்பாலும் தவறாகப் போகின்றன.

எந்த வகை வெள்ளை அணு மாறியிருக்கிறது, இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள், நேற்று அந்த எண் என்னவாக இருந்தது: இந்த மூன்றும் தெரிந்தால்தான் அந்த வரி பேசும். மூன்றாம் நாளில் உயிரைக் காப்பாற்றும் அதே அணு பத்தாம் நாளில் நுரையீரலைச் சிதைக்கக்கூடும். டெங்கும் கோவிட்டும் இதை இரண்டு வேறு விதமாகக் காட்டுவதால் அவற்றை வைத்தே பார்ப்போம்.

ரத்தத்தில் தெரிவது எவ்வளவு?

பெரியவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருப்பது இயல்பு. அதில் நியூட்ரோஃபில் 40 முதல் 70 சதவீதம், லிம்போசைட் 20 முதல் 40 சதவீதம், மோனோசைட் 2 முதல் 10 சதவீதம். ஈசினோஃபில் சில சதவீதம், பேசோஃபில் ஒன்றுக்கும் கீழே. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லைகள் சற்று மாறும். சிறு குழந்தைகளுக்கு லிம்போசைட்தான் அதிகம். நான்கைந்து வயதில்தான் நியூட்ரோஃபில் முந்துகிறது. கர்ப்பிணிகளுக்கு மொத்த எண்ணிக்கை இயல்பாகவே உயர்ந்திருக்கும். வழக்கமாக 11,000 இருக்கும் கர்ப்பிணிக்கு காய்ச்சலில் 5,500 என்று வந்தால், தாளில் 'நார்மல்' என்றுதான் அச்சாகும். உண்மையில் அது பாதியாகக் குறைந்திருக்கிறது.

இந்த எண்ணிக்கை, ரத்தக்குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் அணுக்களை மட்டுமே சொல்கிறது. உடலில் உள்ள லிம்போசைட்டுகளில் ஏறத்தாழ 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் இருக்கும். மற்றவை நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, குடல் சுவர் என்று பரவிக் கிடக்கின்றன. நியூட்ரோஃபில்களை எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி தயாரிக்கிறது. ரத்தத்துக்குள் வந்தவற்றிலும் கிட்டத்தட்டப் பாதி, குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதால் கணக்கில் வராது. ஆகவே ரத்தப் பரிசோதனை என்பது சாலையில் போகிறவர்களை எண்ணி ஊரின் மக்கள்தொகையை ஊகிப்பது போன்றது. எண் குறைந்தால் அணுக்கள் இறந்திருக்கலாம், தயாரிப்பு நின்றிருக்கலாம், அல்லது வேலை நடக்கும் இடத்துக்கு இறங்கிப் போயிருக்கலாம்.

முதல் மூன்று நாள்

வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்து தன் மரபுப்பொருளை நகலெடுக்கத் தொடங்கியதும், அந்த அந்நிய ஆர்.என்.ஏ.வை உணரும் புரதங்கள் செல்லுக்குள் விழித்துக்கொள்கின்றன. உடனே இன்டர்ஃபெரான் என்ற புரதம் வெளியேறுகிறது. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டென்மன் இருவரும் கண்டறிந்தது இதுதான். அண்டைச் செல்களின் மேல் இன்டர்ஃபெரான் பட்டதும் அவற்றில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இயங்கத் தொடங்கி, வைரஸ் பெருக இடம் கொடாத நிலைக்கு அந்தச் செல்களைக் கொண்டுவருகின்றன. வெள்ளை அணுக்களில் அரிதான ஒரு வகை, பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல், இதை மற்ற எந்தச் செல்லையும்விடப் பெருமளவில் சுரக்கிறது. காய்ச்சலின் முதல் நாள்களில் வரும் உடல்வலி, அசதி ஆகியவற்றில் ஒரு பங்கு இந்த இன்டர்ஃபெரானுடையது.

வெள்ளை அணுக்கள் குறைவதிலும் இதற்குப் பங்கு உண்டு. இன்டர்ஃபெரான், லிம்போசைட்டுகளை ரத்தத்திலிருந்து நிணநீர்க் கணுக்களுக்கு இறக்குகிறது, மஜ்ஜையின் தயாரிப்பையும் மட்டுப்படுத்துகிறது. முன்பு ஹெபடைடிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்ததும், அதற்காகவே அடிக்கடி ரத்தம் பார்த்ததும் பழைய மருத்துவர்களுக்கு நினைவிருக்கும். வைரஸ் காய்ச்சலின் தொடக்கத்தில் 3,500 என்று வரும் எண், முதல் கட்டப் பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதன் அடையாளமாகவே பல நேரம் இருக்கிறது.

இந்த முதல் கட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மிகத் தெளிவாகக் காட்டியது. உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா வந்த 987 பேரில் 101 பேருக்கு, தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) ரத்தத்தில் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். லேசான கோவிட்டோடு தப்பிய 663 பேரில் ஒருவருக்கும் அது இல்லை. கடுமையான கோவிட் வந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு, தொற்று வரும் முன்பே முதல் வாயில் திறந்து கிடந்திருக்கிறது. தடையின்றி வைரஸ் பெருகிய பிறகு, தாமதமாக விழிக்கும் மற்ற வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பாய்கின்றன. கடுமையான வைரஸ் தொற்றுகள் பலவற்றின் அடிப்படைக் கோளாறு, முன்னால் வரவேண்டியது பின்னால் வருவதுதான்.

ஐந்தாம் நாளை ஒட்டி, லிம்போசைட்டில் ஒரு வகையான டி செல்கள் வருகின்றன. நிணநீர்க் கணுவில் டென்ட்ரிடிக் செல்கள் வைரஸின் துண்டுகளைக் காட்ட, அதற்குப் பொருந்தும் டி செல் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பல்லாயிரமாகப் பெருகுகிறது. சிடி8 வகை டி செல், தொற்றிய செல்லின் மேல் ஒட்டிக்கொண்டு பெர்ஃபோரின் என்ற புரதத்தால் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே செலுத்தி அதைச் சாகவைக்கிறது. சிடி4 வகை, இந்தக் கொலைகாரச் செல்களுக்கும் எதிர்ப்பொருள் தயாரிக்கும் மற்றொரு வகை லிம்போசைட்டான பி செல்களுக்கும் துணை நிற்கிறது. டெங்குக்கு முதல் நான்கைந்து நாளில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 பரிசோதனையும், அதன் பிறகு ஐ.ஜி.எம். பரிசோதனையும் கேட்கப்படுவது இதனால்தான். பி செல்கள் தயாரிக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் கண்டறியும் அளவுக்கு வர அவ்வளவு நாளாகும். இரண்டாம் நாளிலேயே ஐ.ஜி.எம். எடுத்து 'நெகட்டிவ்' என்று வந்ததை நம்பி வீட்டில் இருந்துவிடுவது ஆபத்தான, ஆனால் அடிக்கடி நடக்கும் பிழை.

டி செல்களின் வேலையே நோயாகிவிடுவதும் உண்டு. எல்.சி.எம். என்ற வைரஸை எலியின் மூளையில் செலுத்தினால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் எலி மூளையுறை அழற்சியில் இறந்துவிடும். டி செல் இல்லாத எலியில் செலுத்தினால் வைரஸ் பெருகிக்கொண்டே இருக்கும், எலியோ உயிரோடு இருக்கும். அந்த வைரஸ் செல்களைக் கொல்வதில்லை. அதைத் துரத்தி வரும் சிடி8 செல்கள்தான் மூளையுறையைச் சேதப்படுத்துகின்றன. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரால்ஃப் ஜிங்கர்நாகலும், டி செல் தொற்றிய செல்லை எப்படி அடையாளம் காண்கிறது என்பதை 1974இல் கண்டறிந்ததும் இதே வைரஸை வைத்துத்தான். 1996இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

டெங்கு: வெள்ளை அணுவே வைரஸின் வீடு

பெரும்பாலான வைரஸ்கள் வெள்ளை அணுக்களிடமிருந்து தப்பிக்கப் பார்க்கும். டெங்கு வைரஸ் அவற்றுக்குள்ளேயே குடியேறுகிறது. கொசு கடித்த இடத்தில் தோலில் இருக்கும் டென்ட்ரிடிக் செல்கள், பிறகு மோனோசைட்டுகள், மேக்ரோஃபேஜ்கள் ஆகியவைதான் அது பெருகும் முக்கிய இடங்கள். கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய அணுவே அதன் தொழிற்சாலையாகிவிடுகிறது.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அதற்கு நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். பின்னர் வேறொரு வகை தொற்றும்போது, பழைய எதிர்ப்பொருள்கள் புதிய வைரஸின் மேல் ஒட்டும், ஆனால் அதை முடக்கும் அளவுக்கு இறுகப் பற்றாது. எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் மோனோசைட்டின் மேல் நிறைய இருக்கின்றன. முடங்காத வைரஸ் அந்த எதிர்ப்பொருளோடு சேர்ந்து நேராக மோனோசைட்டுக்குள் போய்விடுகிறது. தாய்லாந்தின் பாங்காக்கில் 1960களில் டெங்கு நோயுற்ற குழந்தைகளை ஆராய்ந்த ஸ்காட் ஹால்ஸ்டெட் முன்வைத்த விளக்கம் இது. முதல் தொற்றிலேயே கடுமையான டெங்கு வரும் கைக்குழந்தைகளும் இதே விளக்கத்துக்குள் வருகிறார்கள். தாயிடமிருந்து கருவிலேயே வந்த எதிர்ப்பொருள், ஆறேழு மாதத்தில் பாதுகாக்கும் அளவுக்குக் கீழே தேய்ந்து, வைரஸை உள்ளே கொண்டுசேர்க்க மட்டும் போதுமான அளவில் நிற்கிறது. இரண்டாம் தொற்று வந்த எல்லாருக்கும் நோய் முற்றுவதில்லை, சிறு பங்கினருக்கே முற்றுகிறது. ஆனால் முற்றியவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் தொற்றுக்காரர்கள்.

இந்த அறிவைத் தடுப்பூசித் திட்டம் போதிய அளவு மதிக்காததன் விலையை பிலிப்பைன்ஸ் கொடுத்தது. 2016இல் தொடங்கிய திட்டத்தில் அங்கே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு டெங்வாக்சியா போடப்பட்டது. முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி, பின்னால் வரும் இயற்கைத் தொற்றைக் கடுமையாக்கலாம் என்று தயாரிப்பாளரான சனோஃபி நிறுவனமே 2017 நவம்பரில் அறிவித்தது. அவர்களுக்குத் தடுப்பூசியே முதல் தொற்றைப் போல வேலை செய்திருக்கிறது. அதன் பிறகுதான், முன்பு தொற்று வந்ததா என்று ரத்தம் பார்த்துவிட்டுப் போடவேண்டும் என்ற விதி வந்தது.

இனி பரிசோதனைத் தாளுக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ள பெரியவர் ஒருவருக்கான மாதிரிக் கணக்கு இது. இரண்டாம் நாள்: மொத்தம் 5,400, நியூட்ரோஃபில் 68 சதவீதம், லிம்போசைட் 24 சதவீதம், பிளேட்லெட் 1,62,000. நான்காம் நாள்: மொத்தம் 2,600, நியூட்ரோஃபில் 38 சதவீதம், லிம்போசைட் 52 சதவீதம், பிளேட்லெட் 96,000.

லிம்போசைட் 24இலிருந்து 52 ஆகிவிட்டது, இரட்டிப்பாகிவிட்டது என்று தோன்றும். மொத்தத்தோடு பெருக்கிப் பாருங்கள். இரண்டாம் நாள் 5,400இல் 24 சதவீதம் என்றால் 1,296. நான்காம் நாள் 2,600இல் 52 சதவீதம் என்றால் 1,352. லிம்போசைட் அப்படியே இருக்கிறது. நியூட்ரோஃபில்தான் 3,672இலிருந்து 988க்கு விழுந்திருக்கிறது. சதவீதத்தை மட்டும் படிப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை. எந்த அணுவானாலும் மொத்த எண்ணிக்கையைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்து, உண்மை எண்ணிக்கையைக் கண்டுபிடித்த பிறகே பேசவேண்டும்.

மொத்தம் 5,000 அல்லது அதற்குக் கீழே வந்து, நியூட்ரோஃபிலை லிம்போசைட் முந்திவிட்டால், காய்ச்சல் விடப்போகிறது, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசியும் ஆபத்துக் கட்டம் நெருங்குகிறது என்று பொருள். உலகச் சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிளேட்லெட் விழுவதற்கும் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் சதவீதம்) ஏறுவதற்கும் முன்பே இந்த மாற்றம் தெரியும் என்பதுதான் இதன் பெரும் பயன். கைக்குழந்தைக்கும் தவழும் குழந்தைக்கும் லிம்போசைட் இயல்பாகவே முந்தியிருப்பதால் இந்த விதியை அப்படியே பொருத்தக் கூடாது. அவர்களுக்கு முந்தைய நாளின் தாளோடு ஒப்பிடுவதே வழி.

இதே நாள்களில் கண்ணாடித் தகட்டில் தேய்த்த ரத்தப்பூச்சை லீஷ்மன் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் வழக்கத்தைவிடப் பெரிய லிம்போசைட்டுகள் தெரியும். உட்கரு பருத்து, சைட்டோபிளாசம் அடர்நீலமாக, அதன் ஓரம் பக்கத்துச் சிவப்பணுக்களைத் தழுவியபடி வளைந்து கிடக்கும். தூண்டப்பட்டுப் பிரிந்து பெருகத் தொடங்கிய லிம்போசைட்டுகள் அவை. சிறு ஆய்வகங்களில் உள்ள, வெள்ளை அணுவை மூன்றாக மட்டும் பிரிக்கும் இயந்திரம் அளவை வைத்தே வகைபிரிப்பதால், இந்தப் பெரிய லிம்போசைட்டுகளை 'மிட்' என்ற நடுப்பிரிவில் சேர்த்துவிடும். அந்தப் பிரிவு 15, 20 சதவீதம் என்று காட்டினால் பூச்சை ஒருவர் கண்ணால் பார்க்கவேண்டும். ரத்தம் பிடித்த சோதனைக் குழாயில், அது உறையாமல் இருக்கச் சேர்த்துள்ள ஈ.டி.டி.ஏ. வேதிப்பொருளால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி எண்ணிக்கை பொய்யாகக் குறைவதும் பூச்சில்தான் பிடிபடும்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விடுகிறது. வீட்டில் நிம்மதி. நோயாளியின் பி.சி.வி. 38இலிருந்து 46க்கு ஏறியிருக்கிறது, அதாவது 20 சதவீதத்துக்கு மேல். ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியேறி வயிற்றிலும் மார்புக்கூட்டிலும் சேர்கிறது. ரத்தத்தில் வைரஸ் இந்நேரம் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். தொற்றிய மேக்ரோஃபேஜ்களும் தூண்டப்பட்ட டி செல்களும் கொட்டும் சைட்டோகைன்கள் என்ற அழற்சிப் புரதங்கள், வைரஸ் விட்டுச்சென்ற என்.எஸ்.1 புரதம், மாஸ்ட் செல்களின் சுரப்பு எல்லாம் சேர்ந்து நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்பூச்சைக் கலைத்துவிடுகின்றன. இரண்டாம் தொற்றில், பழைய வகைக்காகப் பயிற்சி பெற்ற நினைவு டி செல்களே முதலில் பெருகுவதும், அவை புதிய வகையைத் துல்லியமாகக் கொல்லாமல் சைட்டோகைன்களை மட்டும் அதிகம் சுரப்பதும் இதற்கு ஒரு காரணமாகக் காட்டப்படுகிறது.

இந்தக் கசிவு 24 முதல் 48 மணிநேரம் நீடிக்கும். இந்த நேரத்தில் பார்க்கவேண்டியவை பி.சி.வி., நாடி, ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு, கை கால் குளிர்ச்சி. விடாத வாந்தி, வயிற்றுவலி, மயக்கம் கலந்த சோர்வு, ஈறு அல்லது மூக்கில் ரத்தம் ஆகியவை அபாய அறிகுறிகள். அவை இருந்தால் சலைன் போன்ற திரவம் கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லிலிட்டர் என்று ஓரிரு மணிநேரம் கொடுத்து, பிறகு 3–5, அப்புறம் 2–3 என்று படிப்படியாக இறக்குவது வழிகாட்டி முறை. நம் 60 கிலோ நோயாளிக்குத் தொடக்கத்தில் மணிக்கு 300 முதல் 420 மில்லிலிட்டர். பிளேட்லெட்டைக் கூட்டுவதற்கென்று சாறும் கஷாயமும் தேடி ஓடும் வீட்டார் இந்த 48 மணிநேரத்தை நழுவவிடுவது மனம் வலிக்கவைக்கும் விஷயம், ஏனென்றால் பிளேட்லெட் எண்ணிக்கை உயர்வதால் கசிவு நிற்பதில்லை. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், பிளேட்லெட் 20,000க்குக் கீழே போயும் ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை.

மீளும்போது முதலில் ஏறுவது வெள்ளை அணுதான். காய்ச்சல் விட்டதையொட்டி மொத்தம் 2,600இலிருந்து 3,800, 5,000 என்று நகரும். பிளேட்லெட் அதற்குப் பின்னால்தான் வரும். வெள்ளை அணு ஏறி, பசி திரும்பி, சிறுநீர் தாராளமாகப் போனால் வெளியேறிய நீர் மீண்டும் குழாய்க்குள் திரும்புகிறது என்று பொருள். அந்நேரமும் பிளேட்லெட் குறைவாக இருக்கிறதே என்று சலைனைத் தொடர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டெங்கில் கசிவைத் தாண்டியவர்களையும் இழப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோவிட்: 'நார்மல்' எண்ணுக்குள் ஒளிந்திருப்பது

கடுமையான கோவிட்டில் தாள் வேறு மாதிரி இருக்கும். மொத்தம் 9,800. எல்லைக்குள்தான் இருக்கிறது, தடித்த எழுத்தில் எதுவும் அச்சாகாது. நியூட்ரோஃபில் 88 சதவீதம், லிம்போசைட் 7 சதவீதம். பெருக்கினால் நியூட்ரோஃபில் 8,624, லிம்போசைட் வெறும் 686. இயல்பு 1,000க்கு மேல் இருக்கவேண்டும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 12.6. நலமாக இருப்பவருக்கு இந்த விகிதம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் நிற்கும். வூஹானிலிருந்து 2020 ஜனவரியில் வெளியான முதல் 41 நோயாளிகளின் விவரத்திலேயே 26 பேருக்கு லிம்போசைட் குறைந்திருந்தது.

லிம்போசைட்டுகள் குறைய வைரஸ் அவற்றுக்குள் புகவேண்டும் என்பதில்லை. ஒரு பகுதி நுரையீரலுக்கு இறங்கிப் போகிறது. உடல் நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசால் ஒரு பகுதியைக் குறைக்கிறது. மேக்ரோஃபேஜ்கள் கொட்டும் சைட்டோகைன்களின் நடுவே ஒரு பகுதி தானே மடிகிறது. வைரஸைத் துல்லியமாகக் குறிவைக்கும் அணு குறைந்து, குறியில்லாமல் தாக்கும் அணு பெருகுகிறது என்பதே அந்த 12.6இன் பொருள்.

நியூட்ரோஃபில் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் கொல்லத் தேர்ந்தது. வைரஸ் நிமோனியாவில் அது நுரையீரலுக்குள் நிறைந்தால், அதன் நொதிகள் காற்றுப்பைகளின் சுவரையே அரிக்கின்றன. அதற்கு இன்னொரு ஆயுதமும் உண்டு. தன் டி.என்.ஏ.வையே வலையாக வெளியே வீசி கிருமியைச் சிக்கவைக்கும். பெர்லினில் உள்ள மேக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தார் 2004இல் இதை வெளியிட்டார்கள். இந்த வலைகள் ரத்தக்குழாய்க்குள் விழுந்தால் பிளேட்லெட்டும் ஃபைப்ரினும் அவற்றில் ஒட்டி ரத்தம் உறையும். கோவிட்டில் இறந்தவர்களின் நுரையீரல் நுண்குழாய்களில் இவ்வகை உறைகட்டிகள் காணப்பட்டன. கடுமையான கோவிட்டுக்கு ஹெப்பாரின் சிகிச்சை சேர்ந்தது ரத்தம் உறையும் இந்தப் போக்கினால்தான்.

மேக்ரோஃபேஜ் சுரக்கும் இன்டர்லூகின்-6 என்ற சைட்டோகைன், கல்லீரலைத் தூண்டி சி.ஆர்.பி. என்ற புரதத்தை உயர்த்துகிறது. சி.ஆர்.பி., ஃபெரிட்டின், டி-டைமர் என்று 2021இல் வீடுதோறும் பேசப்பட்ட சோதனைகள், வெள்ளை அணுக்களின் மிகைப்பாய்ச்சலை வெளியிலிருந்து அளக்கும் வழிகளே.

இந்தப் பாய்ச்சலை அடக்கினால் உயிர் பிழைக்குமா? பிரிட்டனில் நடந்த 'ரிகவரி' சோதனை 2020 ஜூனில் பதில் சொன்னது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2இலிருந்து 23.3. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களில் மருந்து பெறாதோர் 14.0 சதவீதமும் பெற்றோர் 17.8 சதவீதமும் இறந்தார்கள். கடைசி வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பலன் எதுவும் தெரியவில்லை, தீங்குக்கான சாயலும் தெரிகிறது.

காரணம் நாள்கணக்கில் இருக்கிறது. முதல் வாரத்தில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது நமக்கு இன்டர்ஃபெரானும் டி செல்லும் தேவை. ஸ்டீராய்டு அவற்றையே அமுக்கும். பெரும்பாலும் இரண்டாம் வாரத்தை ஒட்டி, ஆக்சிஜன் இறங்கும் கட்டத்தில், சேதம் செய்பவை வெள்ளை அணுக்களே என்பதால் அப்போது ஸ்டீராய்டு காக்கிறது. இன்டர்லூகின்-6இன் வழியை மட்டும் அடைக்கும் டோசிலிசுமாப், ஆக்சிஜன் குறைந்து சி.ஆர்.பி. 75க்கு மேல் இருந்தவர்களில் இறப்பை 35 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைத்ததும் இதே கட்டத்தில்தான்.

2021இன் இரண்டாம் அலையில் இந்தியாவில் இந்த நாள்கணக்கு சிதைந்தது. இருமல் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளே, ஆக்சிஜன் 98 இருந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. சொல்லப்பட்ட அளவைவிடக் கூடுதலாகவும் கூடுதல் நாளும் கொடுக்கப்பட்டது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் நியூட்ரோஃபிலால் பூஞ்சையைத் தேடிப்போய்க் கொல்ல முடியாது. விளைவு கருப்புப் பூஞ்சை. அந்த ஜூலைக்குள் நாட்டில் பதிவானவர்கள் 40,000 பேருக்கு மேல். கண்ணையும் மேல்தாடையையும் இழந்த அந்த மனிதர்களில் பலருக்கு நியூட்ரோஃபில் எண்ணிக்கை உயர்ந்தே இருந்திருக்கும். எண்ணிக்கை இருந்தது, செயல் இல்லை.

ஸ்டீராய்டு தொடங்கிய மறுநாளே டோட்டல் கவுன்ட் 13,000, 15,000 என்று ஏறுவது வழக்கம். குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் ஓட்டத்துக்குள் விழுவதால் வரும் ஏற்றம் அது. அதைப் பாக்டீரியா தொற்று என்று எண்ணி ஆன்டிபயாட்டிக்கை அடுக்குவது தேவையற்றது. அதே சமயம், விட்ட காய்ச்சல் திரும்ப வந்து, முதிராத நியூட்ரோஃபில்கள் பூச்சில் தெரிந்து, பாக்டீரியா தொற்றில் உயரும் ப்ரோகால்சிட்டோனின் ஏறினால் மேல்தொற்று உண்மையாகவே வந்திருக்கலாம். அப்போது காத்திருக்கக் கூடாது. இறங்காத காய்ச்சலோடு மூன்று வகை ரத்த அணுக்களும் சேர்ந்து விழுந்து, மண்ணீரல் வீங்கி, ஃபெரிட்டின் பல ஆயிரங்களைத் தாண்டினால் அது வேறு நிலை: மேக்ரோஃபேஜ்கள் கட்டுப்பாடிழந்து சொந்த ரத்த அணுக்களையே விழுங்கும் ஹெச்.எல்.ஹெச். டெங்கிலும் இது அபூர்வமாக வரும். டெங்குக்குப் பொதுவாகப் பலன் தராத ஸ்டீராய்டு இந்த நிலையில் உயிர் காக்கும் மருந்தாகிறது.

தட்டம்மை: எண்ணிக்கை திரும்பும், நினைவு திரும்பாது

தட்டம்மை வைரஸ், நினைவு லிம்போசைட்டுகளின் மேல் நிறைந்திருக்கும் சிடி150 என்ற ஏற்பியைப் பிடித்து அவற்றுக்குள் நுழைகிறது. சொறி வரும் நாள்களில் லிம்போசைட் குறையும், சில நாளில் மீண்டும் இயல்புக்கு வந்துவிடும். தாளைப் பார்த்தால் குழந்தை தேறிவிட்டது. ஆனால் புதிதாக நிரம்பியவற்றில் பெரும்பகுதி தட்டம்மையை மட்டும் அறிந்த அணுக்கள். அந்தக் குழந்தை அதுவரை சந்தித்த சளி, வயிற்றுப்போக்கு, நிமோனியா கிருமிகளை நினைவில் வைத்திருந்தவை அழிந்துவிட்டன. நெதர்லாந்தில் 2013இல் பரவிய தட்டம்மையின்போது, தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை நோய்க்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டதில், மற்ற கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள் வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. தடுப்பூசி போட்ட குழந்தைகளில் இந்த இழப்பு இல்லை.

தட்டம்மை வந்துபோன குழந்தைக்கு அடுத்த பல மாதங்களில் வரும் இருமலையும் பேதியையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல், மூச்சு வேகத்தையும் நீர்ச்சத்தையும் கவனிக்கவேண்டும். நோயின்போது வைட்டமின் ஏ இரண்டு நாள் தொடர்ந்து கொடுக்கப்படுகிறது: ஆறு மாதத்துக்கு உட்பட்டோருக்கு நாளுக்கு 50,000 அலகு, 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம் அலகு, ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் அலகு. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி 9 முதல் 12 மாதத்துக்குள் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை.